தொடக் கூடாத குழந்தை

கணவர் வீட்டை விற்பதற்கு முன் தன் பாத்திரங்களை எடுத்துப்போகப் பேச்சியம்மாள் மேற்கு மாம்பலத்துக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மகள் போன பிறகு அவரைப் பிரிந்து வடபழனியில் அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டவள் அவள். இந்தப் படியை அதன்பின் மிதித்ததில்லை.

சாவியைக் கொடுத்த கீழ்வீட்டுப் புஷ்பம் அவள் கையை விடவில்லை.

"பூஜை ரூமாண்ட மட்டும் போவாதக்கா. இந்த மழையிலயும் அனலா கொதிக்குது. இன்னா சூடுன்னே தெர்ல."

மகள் ஷண்முகப்ரியாவுக்கு அப்போது ஐந்து வயது; நவராத்திரி கன்யா பூஜை. மணையில் உட்கார்ந்தபடி, "உங்க பையன் வந்துடுவான்" என்று ஒருத்தியிடம் சொன்னாள். தொலைந்துபோன பையன் மறுநாளே வந்துவிட்டான். அத்தோடு அவள் பிள்ளையாக இருப்பது முடிந்தது. தி. நகரில் துணிக்கடை வைத்திருந்த அப்பா ராஜரத்தினம் பூஜை அறையில் அவளையே அமர்த்திவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் தெருவரை கூட்டம். பெற்றவளும் அவளைத் "தாயே" என்றுதான் கூப்பிட வேண்டும்.

அடுத்து வந்த ஒரு நவராத்திரியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. "அம்பாள் உக்கிரமா எறங்கியிருக்கா" என்று வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஈரத்துணியோடு ஓடிய பேச்சியம்மாளை ராஜரத்தினம் வாசற்படியிலேயே மறித்தார்.

"நீ வீட்டுக்குத் தூரம். தாயைத் தொடலாமா?"

பட்டுப்பாவாடைக்குள் நடுங்கியபடி பிள்ளை அவளைப் பார்த்தது.

"அம்மா, படுத்துக்கட்டுமா?"

ராஜரத்தினம் கற்பூரத்தை ஏற்றினார். ஆரத்தி முடிவதற்குள் தலை சரிந்துவிட்டது; பிறகு நிமிரவேயில்லை.

இப்போது பேச்சியம்மாள் அந்த அறைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே இருட்டு. வாடிய சம்பங்கியின் வாசனை. அதற்கும் அடியில், காய்ச்சல்காரப் பிள்ளையின் மூச்சு வாடை.

மணை வெறுமையாகக் கிடந்தது. உள்ளங்கையை வைத்தாள்.

சுட்டது.

எங்கோ மிக அருகில் பற்கள் தந்தியடித்தன.

ஓடத்தான் தோன்றியது. ஓடவில்லை. மழையில் நனைந்திருந்த முந்தானையைப் பிழிந்து மணையைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். நெற்றி எங்கே, கழுத்து எங்கே என்று தெரியாமலே துடைத்தாள்.

"ப்ரியா…"

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலம் ஆகிவிட்டது!

"அம்மா வந்துட்டேன்ல. படுத்துக்கோ கண்ணு. இனி ஒருத்தரும் எழுப்ப மாட்டாவ."

பற்களின் சத்தம் நின்றது.

மணை மெல்லக் குளிர்ந்தது. அவள் மடி கனத்தது.

நேரமாகியும் அவள் இறங்கி வராததால் புஷ்பம் மேலே வந்து எட்டிப் பார்த்தாள். "யக்கா, இன்னா பண்ணிக்கினு கீற?"

பேச்சியம்மாள் உதட்டில் விரல் வைத்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"மெதுவாப் பேசு புஷ்பம். இப்பத்தான் கண்ணசந்தா."

புஷ்பத்தின் பார்வை அவள் மடிக்கு இறங்கியது. அங்கே யாரும் இல்லை. சேலை மட்டும் குழிந்து, மெதுவாக, சீராக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.