கம்பளி பரேடு

அன்புள்ள இளவேனிலுக்கு,

யார் யார் எங்கே இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். போன வெள்ளி, பகல் மூன்று மணி. பட்டாளத்துப் பாரக்கில் நாங்கள் மூன்று பேர். ஹவில்தார் முனிகிருஷ்ணன் கதவோரப் பெட்டிமேல், கையில் ஹாக்கி மட்டை. கணேசமூர்த்தி எதிர்க்கட்டிலில், கழற்றிய பெல்ட்டோடு. நான் ஜன்னலருகே, ஒற்றை பூட்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு. நான்காவது ஆள் விக்கி, நீலசந்திரா பக்கத்துப் பையன், மூலைக் கட்டிலில் தூங்குவதாக நினைத்தோம்.

ஒளித்து வைத்திருந்த எங்கள் போன்களை மேலிடத்தில் காட்டிக்கொடுத்தது அவன்தான் என்று முடிவு கட்டியிருந்தோம். அதற்குத் தண்டனை கம்பளி பரேடு. முகத்தோடு சேர்த்துப் போர்த்திவிட்டு அடிப்போம். அடித்தது யாரென்று வாங்கியவனுக்குத் தெரியாது.

நல்ல மழை. கரண்ட் போய், பகலே இருண்டு கிடந்தது. சுவரைப் பார்த்து ஒருவன் படுத்திருப்பது மட்டும் தெரிந்தது.

"மாப்பிள்ளைக்கு ரெண்டே நிமிசம்," என்றார் ஹவில்தார், மூலைக் கட்டிலைக் காட்டி. "சத்தம் வராம பாத்துக்கோ ரகு."

கம்பளியை வீசினேன். மட்டை காலில் இறங்கியது. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். பெல்ட்டின் பித்தளைக் கொக்கி விலாவில். தலைமாட்டில் நின்றது நான். பூட்ஸின் குதிகாலால் தலையில் மூன்று அடி. மூன்றாவதில் ஏதோ உள்ளே அமுங்கியது. கம்பளி நனைந்து, விரல்களில் வெதுவெதுவென்று ஒட்டியது.

அவன் கத்தவே இல்லை.

கதவு திறந்தது. டீ கெட்டிலோடு விக்கி நின்றான்.

கம்பளியை இழுத்தோம். வெறும் கட்டில்.

ரத்தம் மட்டும் இருந்தது.

கூரை ஒழுகியதால் காலையிலேயே விக்கி தன் கட்டிலை நகர்த்தி, யாருக்கும் ஒதுக்காமல் கிடந்த பழைய கட்டிலை அங்கே தள்ளியிருக்கிறான். அதை ஏன் ஒதுக்கவில்லை என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

சனிக்கிழமை, பரேடு மைதானத்தில் ஹவில்தாரின் கால் முட்டிக்குக் கீழே மடங்கியது. அருகில் ஆளில்லை. ஞாயிறு, சாப்பாட்டு வரிசையில் கணேசமூர்த்தி தட்டிலேயே ரத்தம் கக்கினான். சட்டையைக் கிழித்துப் பார்த்தால் விலாவில் கொக்கியின் அச்சு. நேற்று ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

எனக்கு முதல் அடி நேற்றுக் காலை. இடது காது கேட்கவில்லை. இரண்டாவது இன்று, சவரம் செய்யும்போது. கண்ணாடியில் என் பின்னால் யாரும் இல்லை.

இன்னும் ஒன்று.

விக்கியிடம் மன்னிப்புக் கேட்டேன். போன் விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவே இல்லையாம்.

"எனக்கு வெச்ச அடிதானே அண்ணா," என்றான் மெல்ல. "நானே வாங்கியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்."

வரும் ஞாயிறு பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஹெப்பகோடியிலிருந்து கிளம்பிவிடாதே. என் பெட்டி வீட்டுக்கு வந்தால், கம்பளியை மட்டும் உள்ளே எடுக்காதே. இரண்டு தடவை எரித்துவிட்டேன். மறுபடியும் மடித்தபடி என் கால்மாட்டில்தான் இருக்கிறது.

உன்
ரகுராம்

உறையை ஒட்டிவிட்டேன். இதை அதன் முதுகில் எழுதுகிறேன். தபாலில் சேர்க்க விக்கி கை நீட்டி நிற்கிறான். அவன் பார்ப்பது என்னை அல்ல, என் தோளுக்குப் பின்னால்.

யாரோ கம்பளியை உதறி விரிக்கிறார்கள்.