ஞானதிரவியத்தின் எச்சக்கூடு

வீட்டில் இப்போது ஞானதிரவியம் இரண்டு பேர். ஒருவர் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்; இன்னொருவர் கூடத்து நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர்களின் ஒரே மனைவி லீதியாள் ஏழு நாளாக இருவருக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் கூடுபெயர்ப்பு ஒன்றும் அதிசயமில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதும் ஞானதிரவியத்தைப் பெயர்கலத்தில் படுக்கவைத்தார்கள். நினைவு, பாசம், குழம்பில் புளி கூடினால் முகம் சுளிப்பது எல்லாம் ஒரே காலையில், ஆய்வகத்தில் அவருக்கென்று வளர்த்திருந்த வளர்ப்புடலுக்கு இறங்கிவிட்டன. மிஞ்சுகிற உடலுக்கு எச்சக்கூடு என்று பேர். அதற்கு நினைவும் கிடையாது, பேச்சும் கிடையாது. மூச்சு மட்டும் சில மாதம் ஓடும். ஏழு நாளுக்குள் பெயர்ந்தவரோ குடும்பத்தாரோ கையெழுத்திட்டு அதையும் நிறுத்திவிட வேண்டும். ஒரு பேருக்கு ஓர் உடல்தான் என்பது சட்டம்.

திருச்சபைக்கும் ஆட்சேபம் இல்லை. ஆத்துமா பெயர்ந்துவிட்டது, மிச்சம் வெறும் சரீரம் என்று பேரவை தீர்மானம் போட்டிருந்தது. ஆவி, ஆத்துமா, சரீரம் என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லி ஆசீர்வதிக்கிறவர்கள், தீர்மானத்தில் மட்டும் ஆவியை விட்டுவிட்டு இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

மற்றவர்கள் மருத்துவமனையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். லீதியாள் பிடிவாதக்காரி. "குளிப்பாட்டாம, ஜெபம் பண்ணாம எப்படி அனுப்புவேன்?" என்று எச்சக்கூட்டை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். சாவு வீட்டு வழக்கம்தான். மூச்சோடு வருகிறவருக்கும் அது செல்லுமா என்று அவளும் யோசிக்கவில்லை.

முதல் நாள் குடும்ப ஜெபத்திலேயே வம்பு தொடங்கியது. புதியவர் ஒரு சொல் பிசகாமல் ஜெபித்தார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்திருந்த பழையவரோ கண்களை மூடினார். வெகுநாள் காணாத ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல அவர் முகம் மலர்ந்தது. தினமும் அதேதான் நடந்தது. வெறும் பழக்கதோஷம் என்றார் டாக்டர்.

இன்று கெடு முடிகிறது. புதியவர் துருவியை ஓரமாக வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"லீதியா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதே. முன்னெல்லாம் ஜெபிச்சா அந்தப் பக்கம் ஒருத்தர் கேக்குத மாதிரி இருக்கும். இப்போ வார்த்தை பூரா ஞாபகம் இருக்கு. ஆனா காலி வீட்டுல பேசுத மாதிரி இருக்கு."

"அப்போ நீங்க யாருங்க?"

"ஒம்மேல உள்ள பாசம் பூரா எங்கிட்டதான் இருக்கு. அதுல சந்தேகமே வேண்டாம். அவரு மூச்சை மட்டும் நிறுத்திராதே."

"நிறுத்தாட்டி ஒங்களுக்குப் பேரு கிடைக்காது. நம்ம கல்யாணமே செல்லாதும்பாவ!"

"பேரு அவருக்கே இருக்கட்டும். அவருக்குச் சோறு ஊட்ட ஒரு ஆளு வேணும்லா? நான் இருக்கேன்."

லீதியாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் கட்டின மனுஷன் இப்படித்தான் பேசுவார்.

சாயங்காலம் பதிவு அலுவலர் ஹெப்சிபா கையெழுத்து வாங்கும் ஒப்பப்பலகையோடு வந்தாள். அவளும் பெயர்ந்தவள்தான், முகத்துக்கு முப்பது வயது, பேச்சுக்கு எழுபது.

"கையெழுத்து கிடையாதும்மா," என்றாள் லீதியாள். "ஜெப நேரம். இருந்துட்டுப் போங்க."

மரியாதைக்காக ஹெப்சிபா உட்கார்ந்தாள். ஜெபத்தின் நடுவில் கண் திறந்தவள் பழையவரின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் கண்ணை மூடவே இல்லை. ஆமென் சொல்லி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"இவருக்கு ஞாபகமே கிடையாதா?"

"என்னையே தெரியாது," என்றாள் லீதியாள்.

"நான் பெயர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஜெபத்துல ஒண்ணுமே தோணுறதில்லை. எனக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சுன்னே நினைச்சிருந்தேன்." ஒப்பப்பலகை அவள் மடியில் அப்படியே கிடந்தது.

லீதியாள் அவள் தோளைத் தொட்டாள். "ஒங்க எச்சக்கூடு?"

"அன்னைக்கு எனக்கு வீட்டுக்குப் போற அவசரம். பக்கத்து ரூம்ல மூச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான்தாம்மா கையெழுத்துப் போட்டேன்."