பூட்டிய கொட்டகையில் இருபத்து மூன்று பேடுகள்

காலை 6.10. உருத்திரபுரம்.

கொட்டகைப் பூட்டைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்த பண்ணை வேலையாள் வீரபாகு, மறுகாலை வைக்கவில்லை.

இருபத்து மூன்று கோழிப் பேடுகள் செத்துக் கிடந்தன. இனம் பெருக்கவென்று வளர்த்து, இன்றோ நாளையோ முதல் முட்டை இடுமென்று பார்த்திருந்த இளம் பேடுகள். ஒவ்வொன்றின் பின்புறமும் கிழிந்து குடல் வெளியே வந்திருந்தது.

காலை 7.30.

மிருக வைத்தியர் மேனுகாவை முதலில் வரவேற்றது பெயர்ப்பலகைதான். கோழிப் பண்ணைச் சங்கத்தின் பெயர் சின்ன எழுத்தில். தலைவர் யோகநாதனின் பெயர் பெரிய எழுத்தில், அவர் முடித்த ஏழு பயிற்சிப் பட்டறைகளோடு. அவற்றில் மூன்றில் அவர் மத்தியானச் சாப்பாட்டோடு எழும்பிப் போனவர் என்பதற்குப் பலகையில் இடம் போதவில்லை.

வீதிக்கு அந்தப் பக்கம் முருகன் கோவில். கொடியேறிப் பதினெட்டாம் நாள். கொடிச்சீலையில் சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காற்றில் ஆடியது. ஊரே விரதம்; மேனுகா வீட்டிலும் மீன் சமைக்கும் மச்சச் சட்டி பரணில் ஏறியிருந்தது.

சங்க அறையில் தலைவர் நெற்றி நிறையத் திருநீற்றோடு கதிரையில் இருந்தார். எதிரே ஒரு பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். இன்னொரு கதிரை இருந்தது. அதில் இருக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"விஷம், டொக்டர்," என்றார் தலைவர். "இவ யூலிற்றா. முல்லைத்தீவுக் கரையில இருந்து தீனுக்கு மீன்தூள் தாறவ. அதிலதான் கலந்திருக்கிறா. பத்து மணிக்குப் பொலிசுக்குக் கடிதம் போகுது. நீங்கள் கீழ ஒரு கையெழுத்து வைச்சால் காணும்."

"செத்ததைப் பாக்க முன்னமோ?"

"பாக்க என்ன கிடக்கு? கோழி விஞ்ஞானத்தில நான் பயிற்சி எடுத்தவன்."

யூலிற்றா வாய் திறந்தாள். "அடுத்த ஓடர் கேக்கவெண்டு முதல் பஸ்ஸில வந்தனான் டொக்டர். சூடை மீனும் காரலும் காயவைச்சு நாங்களே இடிக்கிற தூள். பதினொரு வீட்டில இதாலதான் அடுப்பெரியுது. பொலிசில பேர் ஏறினால் ஆர் எங்களிட்ட வாங்குவினம்?"

மேனுகா மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டரை மணித்தியாலம் இருந்தது.

காலை 7.45. கொட்டகை.

சுற்றுக்கம்பி வலையில் ஒரு விரல் போகும் ஓட்டைகூட இல்லை. கீரி, மரநாய் எதுவும் நுழைந்த தடமும் இல்லை.

"திறப்பு எங்க இருந்தது?"

"என்ர இடுப்பில," என்றான் வீரபாகு.

"லைற்?"

"விடியப்புறம் நாலு மணிக்குத் தானா எரியும். வெளிச்சம் கூடினால் கெதியா முட்டைக்கு வருமாம்."

உயிரோடு இருந்த பேடுகளின் முதுகு மொட்டையாயிருந்தது. மேனுகா குனிந்து தரையைப் பார்த்தாள். உமி இருந்தது. எச்சம் இருந்தது. ஒரு இறகுகூட இல்லை.

"கூட்டினனீங்களோ?"

"இந்தக் கிழமை கூட்டேல்லை, டொக்டர்."

வெளியே வந்தபோது உழவு இயந்திரக் கொட்டில் வாசலில் சாம்பல் பூனை ஒன்று, வாடகை கட்டியதுபோல உரிமையோடு படுத்திருந்தது.

"போன மாசம் இது தீன் அறை வாசலில எல்லோ கிடந்தது?"

வீரபாகு நிலத்தைப் பார்த்தான். "பூனைதானே, டொக்டர்."

காலை 8.20.

செத்தவற்றில் மூன்றை வெட்டிப் பார்த்தாள். குடலில் நஞ்சுக்கான அடையாளம் எதுவும் இல்லை. இரைப்பையில் சோளம், சோயா, உருண்டு திரண்ட இறகு. மீன் மணம் இல்லை.

காலை 9.00.

"கடைசியா மீன்தூள் போட்டது எப்ப, தலைவர்?"

"நேற்று."

"எத்தினை மூட்டை வந்தது?"

"நாலு. முடிஞ்சுது."

"தீன் அறையைத் திறவுங்கோ."

தீன் அறையில் சாம்பிராணி மணத்தது. கோழித் தீனுக்குச் சாம்பிராணி போடும் பட்டறை எதுவும் பலகையில் இருந்ததாக மேனுகாவுக்கு நினைவில்லை.

காலை 9.30.

அவள் பூனை இடம் மாறியிருந்த உழவு இயந்திரக் கொட்டிலுக்கு நடந்தாள்; மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். பூனை எழும்பி முன்னால் வழிகாட்டியது. தறப்பாளைத் தூக்க, அடியில் நாலு மூட்டை. நாலின் வாயும் நீல வலைநூலால் தைத்திருந்தது.

யூலிற்றா ஓடிவந்து முடிச்சுகளைத் தடவினாள். "இது என்ர கை முடிச்சு. வலைக்குப் போடுறது. அறுத்தால் ஒழிய அவிழாது." ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஒண்டும் அறுபடேல்லை."

"திறக்காத மூட்டையில இருந்து விஷம் எப்படிக் கொட்டகைக்குப் போனது?" என்றாள் மேனுகா. "வீரபாகு, சொல்லுங்கோ."

வீரபாகு தலைவரைப் பார்த்தான். பிறகு பார்க்காமல் சொன்னான்: "கொடியேறின அண்டு தலைவர்தான் நிப்பாட்டச் சொன்னவர். கோவிலடியில மச்ச மணம் வரப்படாது, திருவிழா முடியுமட்டும் கோழியளும் சைவம் எண்டார்."

"அதுக்கென்ன?" தலைவர் சீறினார். "பதிலுக்குச் சோயா கூட்டிப் போட்டனான். புரதம் புரதம்தானே!"

"வீட்டுத்திட்டத்தில சீமெந்து வந்து, கல்லு வந்து, கம்பி வராட்டி என்ன நடக்கும் தலைவர்?"

"அரைச்சுவரோட நிக்கும்."

"இன்னும் பத்துப் பை சீமெந்து இறக்கினால்?"

தலைவர் வீட்டு ஒழுங்கையிலேயே அப்படி மூன்று வீடுகள் நின்றன.

"புரதமும் அப்படித்தான். பல அமினோ அமிலம் சேர்ந்துதான் அது. அதில ஒண்டான மெதியோனைன் சோயாவில குறைவு. உங்கட தீனில அதுக்கெண்டு இருந்தது இந்த மீன்தூள் மட்டும்தான். இறகு முளைக்கவும் முட்டை கட்டவும் அது இல்லாமல் ஏலாது. முட்டைக்கு வாற பேட்டுக்குச் சொல்லவே வேணாம். தீனில கிடைக்காததைப் பக்கத்துப் பேட்டின்ர முதுகில தேடியிருக்குதுகள். அதுதான் தரையில இறகில்லை. இறகு முடிய, முட்டைக்கு முக்கி இரத்தம் கண்ட பின்பக்கத்தில கொத்தியிருக்குதுகள். அந்த இரத்தம் தெரிய நாலு மணிக்கு லைற்றும் எரிஞ்சுது. பூட்டின கொட்டகைக்கு வெளியாள் தேவையில்லை. நீங்கள் சைவமாக்கினீங்கள்; அதுகள் ஒண்டையொண்டு திண்டுதுகள்."

"டொக்டர், தெரியாமல் நடந்தது…"

"கோழி செத்தது தெரியாமல்." மேனுகா தலைவரின் கையில் இருந்த கடிதத்தைச் சுட்டிக்காட்டினாள். "மூட்டை இங்க கிடக்குதெண்டு தெரிஞ்சுகொண்டு எழுதினது இது. நானும் விரதம்தான் தலைவர். முருகன் என்னைத்தான் இருக்கச் சொன்னவர். என்ர வீட்டுப் பூனையை இல்லை."

தலைவர் கடிதத்தை நாலாய்க் கிழித்தார். "சரி, பிரச்சினை முடிஞ்சுது. அறிக்கையில ஏதும் நோய் எண்டு போடுங்கோ. சங்கத்தின்ர மரியாதை கிடக்கு."

மன்னிப்பு என்றொரு சொல் இருப்பதை எந்தப் பட்டறையும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

யூலிற்றா கேட்டாள்: "இப்ப தூள் போடாட்டி மிச்சமும் சாகுமோ, டொக்டர்?"

"இண்டைக்கே தொடங்க வேணும்."

அவள் வீரபாகுவிடம் கத்தி வாங்கி, ஒரு முடிச்சை அறுத்தாள். கருவாட்டு மணம் வளவெல்லாம் எழும்பியது. தலைவர் சால்வையால் மூக்கைப் பொத்தினார்.

"ஒரு மூட்டை கோழியளுக்கு. அதுகள் என்னில பழி போடேல்லை. மற்ற மூண்டும் என்னோட வருது. இனி இந்தப் பண்ணைப் படலைக்கு என்ர தூள் வராது."

"எங்களைவிட்டால் உன்னட்ட ஆர் வாங்குவான்?"

பதினொரு வீட்டுக்கும் இதே கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இருந்தும் மூட்டையைத் தூக்கினாள்.

மேனுகா அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில் எழுதினாள்: தீனில் மெதியோனைன் குறைபாடு. அதற்குக் கீழே: தலைவர் கோழிகளை விரதம் இருக்க வைத்தமை.

காலை 10.00. பூசை மணி அடித்தது. தலைவர் கால் கழுவிக்கொண்டு கோவிலுக்குப் போனார். ஒலிபெருக்கி அவருடைய பெயரை முதலில் சொல்லி வரவேற்றது. கொடிச்சீலையில் இருந்த சேவலுக்கு மட்டும் இறகெல்லாம் முழுதாக இருந்தது.