ஜன்னலோரத்து பேட்டரி

அன்று காலை அம்மாவின் கார் "டிக்... டிக்..." என்றது. அதற்கு மேல் ஒரு சத்தமும் வரவில்லை.

ரிஹாம் முன் இருக்கையில் நெளிந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் அம்மாவோடு கிளம்பியிருந்தாள். அம்மா சுந்துஸ், கஃப்ஸா நகரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். மலையடிவாரக் கிராமத்தில் நஜ்லா என்ற பெண்ணுக்கு வலி தொடங்கிவிட்டது. அவள் கணவன் விடாமல் போன் செய்துகொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரிலிருந்து வயர் போட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். இந்த பேட்டரி இனி தாங்காது, வழியில் எங்கே நிறுத்தினாலும் மாட்டிக்கொள்வீர்கள் என்று எச்சரித்தார். அம்மா நேராக பேட்டரிக் கடைக்கு ஓட்டினாள்.

கடைக்காரர் ஹாதி பழைய பேட்டரியைக் கழற்றினார். ஜன்னலோரம் அடுக்கியிருந்தவற்றில் ஒன்றைக் காட்டினார். அளவு சரி, கம்பி மாட்டும் முனைகளும் சரியான பக்கம், விலையும் குறைவு என்றார். அம்மா பணப்பையைத் திறந்தாள்.

ரிஹாமால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த பேட்டரியின் மேல் கை வைத்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். சுட்டது. அதன் சிவப்பு ஸ்டிக்கர் வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்திருந்தது.

"அம்மா, இது ரொம்ப நாளா வெயில்லயே கெடக்கு போல."

"கண்டதையும் தொடாதே ரிஹாம். நேரமாச்சு."

"போனை வெயில்ல வச்சா பேட்டரி கெட்டுப்போகும்னு நீதானேம்மா சொன்னே?"

அம்மாவின் கை பணப்பையிலேயே நின்றது.

ஹாதி சிரித்தார். "இது புதுசு கண்ணு. இன்னும் எந்த வண்டியிலயும் மாட்டல."

"மாட்டலைன்னா புதுசா, மாமா? எப்போ செஞ்சதுன்னு போட்டிருக்குமா?"

அவர் தூசியைத் துடைத்துப் பார்த்தார். செய்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிரிப்பு மறைந்தது. பார்வைக்காக அங்கே வைத்ததாகவும், தேதியைக் கவனிக்கவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார்.

"பரவாயில்ல மாமா. உள்ளே நிழல்ல வேற இருக்கா?"

இருந்தது. இந்த வருஷம் செய்தது. அவர் இரண்டையும் சோதித்துக் காட்டினார். ஜன்னலோரத்து பேட்டரிக்கு மீட்டரின் முள் பாதியிலேயே படுத்துவிட்டது. உள்ளே இருந்ததற்கு விறைப்பாக நின்றது. விலை கொஞ்சம் கூடுதல்தான். அம்மாவின் போன் மறுபடி அலறியது. உள்ளே இருந்ததையே மாட்டச் சொன்னாள்.

கிராமத்தில் நஜ்லாவைச் சோதித்துப் பார்த்த அம்மாவின் முகம் மாறியது. குழந்தை குறுக்காகக் கிடந்தது. உடனே நகரத்து மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். நஜ்லாவும் அவள் கணவனும் பின்னால் ஏறினார்கள். ரிஹாம் முன்னால் தாவி ஏறினாள். அம்மா சாவியை முழுதாகத் திருப்பக்கூட இல்லை, எஞ்சின் உறுமிவிட்டது.

மதியம் நஜ்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம் என்று சொல்லிக்கொண்டே அம்மா வெளியே வந்து, ரிஹாமின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இனிமே டயர் வாங்கப் போனாலும் நீ கூட வரணும்" என்றாள்.

"வரேன். ஆனா ஒவ்வொண்ணையும் உதைச்சுப் பார்ப்பேன், சரியா?"

காலையிலிருந்து முதல் முறையாக அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.