உக்கிய மரம் கிடந்த இடம்

கிஷோபனின் தலையணையில் கிடந்த பச்சை ஊசியிலைக்கு வேர் இருந்தது.

மதுஜா அதை விரல்களுக்கிடையில் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். காட்டில் வேலை செய்கிறவனின் தலைமுடியோடு ஊசியிலைகள் வீட்டுக்குள் வருவது புதிதில்லை. துவாயில், படுக்கையில், சோற்றுக் கோப்பையில்கூட அவள் பொறுக்கியிருக்கிறாள். ஆனால் இது உதிர்ந்த இலையில்லை. முளைத்த கன்று. அடியில் நூல்போல ஒரு வெள்ளை வேர். அதில் ஒட்டியிருந்த ஈரம் இளஞ்சிவப்பாக இருந்தது.

"கிஷோ, இதென்ன?"

கண்ணாடி முன் நின்றவன் சட்டைக் கொலரை மேலே இழுத்துவிட்டான். "காட்டிலை ஒட்டியிருக்கும். எறிஞ்சுவிடும்."

சுவிஸில், இன்டர்லாக்கனுக்கு மேலே, மலைச்சரிவின் ஊசியிலைக் காட்டுக்குள் இருந்த சில வீடுகளில் அவர்களுடையதும் ஒன்று. அங்கே வாழ்ந்த குடும்பங்கள் ஒரு வருஷத்தில் காடு வளர்வதற்கு மேலாக ஒரு மரமும் வெட்டுவதில்லை. விழுந்த மரத்தை விழுந்த இடத்திலேயே உக்கி மண்ணாக விடுவார்கள். கலியாணம் முடித்து வந்த புதிதில் கிஷோபன்தான் அவளுக்குக் காரணம் சொன்னான்: "இந்த உயரத்திலை மண்ணிலை விழுற விதை பனியிலை அழுகிப்போகும், மது. செத்த மரத்துக்கு மேலை விழுந்தால்தான் தப்பும்."

இந்தக் கோடையில், மரங்களைத் துளைத்துச் சாகடிக்கும் பட்டைவண்டு வந்தது. பயத்தில், பாசி மூடிக் கிடந்த பழைய உக்கல் மரங்களைக்கூட விடாமல் எல்லாவற்றையும் இழுத்து வெளியேற்றினார்கள். இயந்திரத்தை ஓட்டியவன் கிஷோபன்.

அதன்பிறகு வேலை முடிந்தும் அவன் காட்டிலேயே நின்றான். எவ்வளவு குளித்தாலும் பிசின் மணம் அவனை விட்டுப் போகவில்லை. அந்த மணத்துக்கு அடியில், மழையில் ஊறிய மண்ணும் துருவும் கலந்த இன்னொரு மணம் மெல்ல மெல்ல ஏறி, போர்வைக்குள்ளும் அவளுடைய கூந்தலுக்குள்ளும் தங்கிவிட்டது.

அன்று மத்தியானம் அவன் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தான். ஜாக்கெட் போடவில்லை. பனிப்புகார் வாசல்வரை வந்து நின்றது.

"எங்கை போறீங்கள்?"

"வாறன்" என்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியும் அவன் வராததால் மதுஜா அயல்வீட்டுக்கு ஓடினாள். திரேசாக்காவின் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கிக் கருகியிருந்தது. கூப்பிட்டாள். ஆளில்லை. ஜாக்கெட் மட்டும் கதவோரம் தொங்கியது.

காட்டுப்பாதையில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. கிளைகளிலிருந்து நீர் சொட்டுவதும் அவளுடைய சப்பாத்தின் கீழ் நிலம் பஞ்சுபோல அமிழ்ந்து மறுபடி எழும்புவதும் மட்டும் கேட்டன. மரங்களை இழுத்தெடுத்த இடத்தில் நீளமான பள்ளம் ஒன்று இருந்தது. அதற்குள் கிஷோபன் மல்லாந்து படுத்திருந்தான்.

"கிஷோ! எழும்புங்கோ!"

கண்கள் அவளைப் பார்த்தன. இடுப்புக்குக் கீழே உடம்பு எது, பாசி எது என்று தெரியவில்லை. அவன் கையைப் பிடித்து முழுப் பலத்தோடும் இழுத்தாள். துணி கிழிவதுபோல ஏதோ கிழிந்தது.

"இழுக்காதையும், மது. நோகுது."

அவள் கையை விட்டாள். முழங்கையின் கீழே அறுந்த வெள்ளை வேர்கள் துடித்தன.

கைத்தொலைபேசியில் அவசர இலக்கத்தை அழுத்தினாள். மறுமுனையில் பெண்ணொருத்தி பொறுமையாக ஜெர்மன் மொழியில் கேட்டாள். புகாருக்குள் ஹெலிகொப்டர் எழும்பாது, ஆட்கள் நடந்துதான் வருகிறார்கள், காயப்பட்டவரை அசைக்க வேண்டாம் என்றாள். மதுஜா ஓம், ஓம் என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் நெஞ்சில் சட்டை பிளந்திருந்தது. பிளவு நெடுகிலும் கன்றுகள். ஒரே வரிசையாக. யாரோ நட்டதுபோல.

"குளிருதோ?"

"இல்லை." விரல்களால் பாசியைத் துழாவியபடி, "பயமாயிருக்கு" என்றான். "வீட்டை போம்."

அவள் போகவில்லை. அவன் கன்னத்தில் கையை வைத்தாள். தோல் சொரசொரத்தது. பிசின் கசிந்தது. அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கண்கள் அவளைப் பார்த்தபடியே மங்கின. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

மூச்சு நின்றது.

மூக்கருகே விரல் வைத்தாள். காற்று இல்லை. கழுத்தைத் தொட்டாள். துடிப்பு இல்லை.

ஆனால் நெஞ்சு ஏறியது. இறங்கியது.

அவள் நிமிர்ந்தாள். மரங்களில் காற்றே இல்லை. பள்ளத்துக்கு அப்பால் நிலம் ஏறியது. இறங்கியது. மரங்களின் அடியில், புகார் மறைக்கிற தூரம்வரை பாசித் தரை முழுவதும், அவன் நெஞ்சோடு ஒரே அளவில், அவசரமில்லாமல், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.