கதவுக்கு ஒரு பேர் வை!

"ஹரி சேட்டா...! கதவு அடைஞ்சு போச்சு... திறங்க!"

ஷெமியின் அலறல் எஃகுச் சுவர்களில் மோதி அவளுக்கே திரும்பி வந்தது.

வெளியே, திருவனந்தபுரம் சாலை பஜாரின் பின்தெருவில், மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

உள்ளே... மைனஸ் இருபது டிகிரி!

தடுப்பு மருந்துகளை வைக்கும் குளிர்க் கிடங்கு அது. கூரை வரை பெட்டி பெட்டியாகக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. மொபைலில் பெயருக்குக்கூட சிக்னல் இல்லை.

ஷெமி, பாறசாலைப் பெண். இந்தக் கிடங்கின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் கம்பெனியில் ஹரிநாராயணனுக்கு ஜூனியர். அவன் எழுதும் ப்ரோக்ராமை, அதிலுள்ள ஃபங்ஷன் என்ற குட்டிக் கட்டளைத் தொகுப்புகளை, வரி வரியாகப் படித்து, தப்பு இருந்தால் கமெண்ட் போட வேண்டும். ரிவ்யூ! 'சூடு அளக்கற சென்சாரை நேர்லயே பாத்துடலாம், வா' என்று அவளை இங்கே அழைத்து வந்தவனும் ஹரிதான்.

இப்போது அவன் உள்கதவின் கண்ணாடிக்கு அப்பால், முன்னறையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

சுவர் இன்டர்காம் ஸ்பீக்கர் கரகரத்தது.

"கத்தாதே ஷெமி. யாருக்கும் கேக்காது. வாட்ச்மேன் மத்தியான ஊணுக்குப் போயிருக்கார்."

"வெளயாடாதீங்க சேட்டா... கை மரத்துப் போவுது!"

"வெளையாட்டா? காலம்பற நீ போட்ட கமெண்ட் என்ன? 'ரவுண்ட் ஆஃப்னு பேர் வச்சிருக்கு. ஆனா இந்த ஃபங்ஷன் எதையும் ரவுண்ட் பண்ணலை. என்ன பண்றதோ அந்தப் பேரை வைக்கவும்!' ஆபீஸே பாக்கற எடத்துல எழுதி வச்சுட்டியே!"

"ஆமா, எழுதினேன்... அதுக்கா இப்பிடி?"

"நடிக்காதே! போன வாரம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் படுத்து, இந்த மருந்து பூரா கெட்டுப்போனது நோக்குத் தெரிஞ்சாச்சு. ஏறின சூட்டை மறைச்சு, 'மைனஸ் இருபது'ன்னு பொய்க்கணக்குக் காட்டறதுதான் அந்த ஃபங்ஷன்... அதையும் கண்டுபிடிச்சுட்டே!"

ஷெமிக்கு ஒரு கணம் குளிரே மறந்து போனது.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது! பேரு சரியில்லன்னுதான் சேட்டா எழுதினேன்!"

ஹரியின் வாய் திறந்தது... மூட மறந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான், புத்திசாலி!

"ச்சே..." தலையில் அடித்துக்கொண்டான். "சரி, இப்பத் தெரிஞ்சாச்சே. இனிமே உன்னை விட முடியாது. கதவு தானா மூடிண்டுடுத்துன்னு சொன்னா எல்லாரும் நம்புவா. நானே முதல் ஆளா அழுதுண்டு போலீசுக்குப் போன் பண்றேன்."

"அந்த மருந்தைக் குடிக்கிற பிள்ளைங்க?"

"குடிச்சா ஒண்ணும் ஆகாது. நோயைத் தடுக்காது... அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? எனக்க அக்காக்க பிள்ளைக்கு வர்ற ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து! பாவி... நல்லாயிருப்பியாடா நீ?"

'சேட்டா' போய் 'டா' வந்துவிட்டது. உயிர் போகும்போது மரியாதை எதற்கு?

"சாரி ஷெமி. இதை மறைச்சுக் குடுத்தா, கிடங்கு முதலாளி என்னைப் பார்ட்னர் ஆக்கறேன்னு சொல்லியிருக்கார்."

ஹரி திரும்பினான். முன்னறையின் வெளிக்கதவை இழுத்தான்.

வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தான். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான்.

ம்ஹூம்!

முன்னறைச் சுவரில் ஒரு டச் ஸ்க்ரீன். அதில் நான்கு பொத்தான்கள். டி-1, டி-2, டி-3, டி-4. ஹரி தன் நாலு ஃபங்ஷன்களுக்கு வைத்த பெயர்கள்தான் அப்படியே திரையிலும் வந்திருந்தன. ஷெமியை அடைக்க அவன் தொட்டது டி-1.

"டி-ஒன் உள்கதவை மட்டும்தானே பூட்டும்..." என்று முனகினான்.

ஷெமி சிரித்துவிட்டாள். பற்கள் தந்தியடிக்க, ஒரு சிரிப்பு!

"ரெண்டையும் பூட்டும். அதையும் காலையில படிச்சேன். நாலுக்கும் நல்ல பேரா எழுதித் தந்தேனே... நீங்க பாக்கலியா?"

"நீ வைக்கறது பேரா? கூட்ஸ் வண்டி! வாசிச்சு முடிக்கறதுக்குள்ள கொல்லம் வந்துடும். நான் எழுதினது நேக்கு மறக்குமான்னு... மத்த கமெண்டையெல்லாம் படிக்காமலே 'முடிஞ்சது'ன்னு அடிச்சுட்டேன்..."

அந்த நாலையும் எழுதி இரண்டு வருஷம். மறந்தேவிட்டது!

அவன் விரல் டி-2 பக்கம் போனது.

"தொடாதீங்க! நாலுல ஒண்ணு தீயணைக்க கேஸைத் திறந்து விடும். ரெண்டு ரூமும் நெறஞ்சுரும். மூச்சு முட்டிச் செத்துருவோம்!"

விரல் சுட்டதுபோல் திரும்பியது. கேஸ் இருப்பது ஹரிக்கு நினைவிருந்தது. எந்த எண் என்பதுதான் நினைவில்லை.

"எது வெளிக்கதவு? சொல்லு ஷெமி!"

"சொன்னா என்னையும் விடணும்."

"சத்தியமா விடறேன்! பத்மநாபன் மேல ஆணை!"

பத்மநாபன் பள்ளிகொண்டிருக்கிறார், எழுந்து வந்து கேட்கமாட்டார் என்ற தைரியம்!

ஷெமிக்குக் கால் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. இமையில் பனி ஒட்டியது. இவன் வெளியே போனால் திரும்பி வரமாட்டான். நாளைக்கு இந்தப் பெட்டிகள் லாரி ஏறும். ஞாயிற்றுக்கிழமை அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பாள்...

காலையில் தான் எழுதிய கமெண்ட்டை ஒவ்வொரு வரியாக ஞாபகப்படுத்தினாள்.

"டி-மூணு."

"பொய் சொல்லலியே?"

"கேஸ் வந்தா நானும்தானே சாவேன்?"

நியாயம்தான். ஹரி டி-3ஐத் தொட்டான்.

கடகடகட...!

திறந்தது!

ஆனால் ஹரிக்கு முன்னால் அல்ல... ஷெமிக்குப் பின்னால்!

லாரியில் சரக்கு ஏற்றும் பின்வாசல் ஷட்டர் மேலே ஏறியது. திருவனந்தபுரத்து வெயில் மொத்தமும் உள்ளே பாய்ந்தது. டி-3க்கு அவள் எழுதிக் கொடுத்த பெயர்: 'சரக்குக் கதவை மட்டும் திற.' தெளிவான பெயர்!

தள்ளாடித் தள்ளாடி வெயிலில் வந்து விழுந்தவளைக் கண்டு, ஊணு முடிந்து வந்த வாட்ச்மேன் திரவியம் ஓடி வந்தார்.

"என்ன மக்களே, உனக்கு என்ன ஆச்சு?"

"மாமா... போலீசுக்குப் போன் போடுங்க. ஒரு பெட்டிகூட வெளியே போகப்பிடாது. குற்றவாளி முன்னறையில பத்திரமா இருக்கான்!"

திரவியம் மொபைலை எடுத்தார். உள்ளே ஸ்பீக்கர் அலறியது.

"ஷெமி! உள்ள அடைச்சு வச்சுட்டுப் போறியே! எதுடீ வெளிக்கதவு...? டி-ரெண்டா? டி-நாலா? தப்பா அமுக்கினா கேஸ் வந்துடும்டீ!"

ஷெமி மெல்ல எழுந்தாள். சிவந்து போன கைகளைத் தேய்த்துக்கொண்டே ஷட்டர் வாசலுக்கு வந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அதான் கமெண்ட்ல வெவரமா எழுதியிருக்கேனே சேட்டா... படிச்சுப் பாருங்க!"