இரண்டு முறை காணாமல் போன நீலப் புத்தகம்

விருத்தாசலம் ஜங்ஷனில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அர்ச்சுனனிடம் ரயிலைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு. காணாமல் போன மாடு, சொல்லாமல் ஓடிய மாப்பிள்ளை, கையெழுத்து மாறிய பத்திரம் என்று எல்லாவற்றுக்கும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவர் அவசரப்படாமல் கேட்டுக்கொள்வார். அவசரப்படுகிற வேலையை அவர் மனைவி கமலம் பார்த்துக்கொள்வாள்.

1975 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தவர் முகம்மது கனி. கடைத்தெருவில் பீங்கான் கடையும், அதன் பின்கட்டில் ஒரு சின்னச் சூளையும் வைத்திருப்பவர். கண்ணில் புரை விழுந்திருந்ததால் கமலம் கொடுத்த காபி டம்ளரைத் தடவித்தான் எடுத்தார்.

"எந்த ரயிலு பாய்?" என்றார் அர்ச்சுனன்.

"ரயிலு இல்லீங்க, கப்பலு" என்று ஒரு பச்சைப் புத்தகத்தை மேசையில் வைத்தார் கனி. "எட்டு வருஷமா மூடிக் கெடந்த சூயஸ் கால்வாய ஜூன் மாசம் தொறந்துட்டாங்க இல்லீங்களா? பம்பாயிலேருந்து ரெண்டு உல்லாசக் கப்பலு பொறப்படுது. ஏஜெண்டு ரெண்டுக்கும் புத்தகம் அனுப்புனாரு. இந்தப் பச்சை ஆப்பிரிக்காவச் சுத்திக்கிட்டுப் போற கப்பலு. நீலம் கால்வாய் வழியா போறது, போர்ட் சையதுல ஒரு நாளு நிக்குமாம். எனக்கு நீலந்தான் வேணும். ஆனா நீலப் புத்தகம் மேசை மேலேருந்து காணாமப் போச்சு. எழுதிப் போட்டு மறுபடியும் வரவழைச்சேன். அதுவும் போச்சு. பச்சை மட்டும் வெச்ச எடத்துலயே இருக்குது."

"எடம் கேட்டு எழுதுற பாரமும் அதுலதான் இருக்குதா?"

"அதுலதாங்க. மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும்."

"கப்பல்ல போயே ஆவணும்னு என்னங்க?" என்று கமலம் குறுக்கே வந்தாள்.

கனி காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். மூத்த மகன் அமீனுதீன் சரக்குக் கப்பலில் இஞ்சின் வேலைக்குப் போனவன். 1967 ஜூனில் சண்டை மூண்டு கால்வாயை அடைத்தபோது, உள்ளே ஏரியில் மாட்டிக்கொண்ட கப்பல்களில் அவன் கப்பலும் ஒன்று. அங்கிருந்து வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். கனியின் கண்ணுக்குச் சின்ன எழுத்து தெரியாததால் அமீனுதீனின் மனைவி நசீம் பானுதான் படித்துக்காட்டுவாள். இரண்டு மாசத்துக்கு முன் வந்த கடிதத்தில், கப்பலை விட்டு இறங்கிப் போர்ட் சையதிலேயே கடை போட்டுவிட்டதாகவும், ஊருக்கு வர முகம் இல்லையென்றும் எழுதியிருந்தானாம்.

"அவன் வரலன்னா நான் போறேன். எந்தக் கப்பல்ல போவுறதுன்னு அவன் கேட்டப்ப, கால்வாய்க் கப்பல்ல போடான்னு சொன்னவனே நாந்தான்" என்றார் கனி.

அர்ச்சுனன் பச்சைப் புத்தகத்தைப் புரட்டினார். எல்லாம் இங்கிலீஷ். அட்டையில் கப்பல் படம். "நீலத்துலயும் இதே மாதிரி படந்தானா? சரி. அறுபத்தேழுல வூட்டுல யார் யார் இருந்தீங்க?"

"எங்க வூட்டுக்காரி நெஞ்சு நோவுல படுத்த படுக்கை. மருமவ நசீமு, சின்னவன் சம்சுதீன், நானு. சூளைக்குக் கொளஞ்சி. நசீமு மாதிரி ஒரு பொண்ணப் பாக்க முடியாதுங்க. அந்த வருஷம் மாமியாரப் பாத்துக்கிட்டு வாசப்படி தாண்டல. ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை நான் தொழுதுட்டு வந்தப்ப உள்ள போனவ, ரம்ஜான் நோம்புப் பொறை கண்ட அன்னிக்குத்தான் வெளிய வந்தா. கூடப் பொறந்த தங்கச்சி நிக்காஹ், இதோ இருக்குற கருவேப்பிலங்குறிச்சி, அதுக்குக்கூடப் போவல. பூ வெக்கல, நல்ல சீலை கட்டல. அப்பவே அவளுக்கு இருபத்திரண்டு வயசுதாங்க."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. அர்ச்சுனன் அதைக் கவனித்தாலும் அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்காகப் பின்னால் வருத்தப்பட்டார்.

அன்று பிற்பகல், ஜாடி வாங்குகிற சாக்கில் அர்ச்சுனனும் கமலமும் கடைக்குப் போனார்கள். வாசலில் விரிசல் விட்டதும் கோணியதுமான கழித்த சரக்கு குவிந்து கிடந்தது. பாதி விலைக்குக் கிடைக்கும் என்பதால் அந்தக் குவியல் வாராவாரம் காலியாகிவிடும். கல்லாவில் இருந்த சம்சுதீன் எதையும் மறைக்கவில்லை.

"இந்த வயசுல அத்தாவுக்குக் கப்பலு எதுக்குங்க? பச்சையோ நீலமோ, நான் வுடப்போறதில்ல" என்றான்.

பின்கட்டில் கொளஞ்சி சூளைக்குள் ஜாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நசீம் பானு ஒவ்வொன்றையும் துடைத்துக் கொடுத்தாள். அவளுக்கு முப்பது வயது. வெளுத்த சாம்பல் நிறச் சீலை, வளையல் இல்லாத கை. கமலத்தின் கண் அலமாரியின் மேல் தட்டில் இருந்த பெரிய ஜாடி மேல் விழுந்தது. கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் விரிசல். வாயில் துணி கட்டியிருந்தது.

"அந்த ஒடைஞ்ச ஜாடிய எனக்குக் குடேன் நசீமு. அரிசி கொட்டி வெச்சுக்குறேன்."

"அது வேணாங்க்கா" என்றாள் நசீம் சட்டென்று. குரல் மாறியிருந்தது.

"அத வுட்ருங்கம்மா" என்று கொளஞ்சி சிரித்தார். "சின்னம்மா அத யாருக்கும் குடுக்காது. எட்டு வருஷமா அங்கயேதான் இருக்குது. எத்தினியோ தடவ கழிச்ச சரக்கோட தூக்கிப் போடுறேன்னு சொல்லிட்டேன்."

கமலம் பேச்சை மாற்றினாள். "எங்க அண்ணன் மவன் ஸ்டாம்பு சேக்குறான். எகிப்து ஸ்டாம்பு ஒண்ணு குடேன்."

"எல்லாத்தையும் கிழிச்சுக் குடுத்துட்டேங்க்கா. பக்கத்து வூட்டுப் புள்ளைங்க கேக்குறாங்க."

வீடு திரும்பும்போது கமலம் தீர்ப்பே எழுதிவிட்டாள். "சம்சுதீன்தான். வாயாலயே ஒத்துக்கிட்டான்."

"அவனுக்கு ரெண்டு கப்பலும் ஆவாது. அவன் எடுத்திருந்தா பச்சையும் போயிருக்கும்."

"அப்போ கொளஞ்சி. சூளை மூட்ட எடுத்திருப்பான்."

"கொளஞ்சிக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டுலயும் அதே கப்பல் படம். சூளை மூட்டுறவனுக்கு எதுவும் ஒண்ணுதான், ரெண்டு தடவையும் குறி தவறாம நீலத்தை மட்டும் ஏன் எடுப்பான்? கப்பல் பயணத்த யாரும் தடுக்கல கமலம். அந்தக் கால்வாய்க்குப் போறத மட்டும் யாரோ தடுக்குறாங்க."

மறுநாள் காலை ஸ்டேஷனில் டீ ஸ்டால் வைத்திருந்த பாயிடம் அர்ச்சுனன் ஒரு சந்தேகம் கேட்டார். பதிலைக் கேட்டபின் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை கனியின் கடையில் எல்லோரையும் உட்காரச் சொன்னார். கமலத்துக்கு இது ரொம்பப் பிடித்த கட்டம். அவள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நீலப் புத்தகம் ரெண்டும் கெடைச்சிரும்" என்று ஆரம்பித்தார் அர்ச்சுனன். "இந்த ஊருல ஒடைஞ்ச ஜாடி ஒரு வாரத்துக்கு மேல கடையில நிக்காது. இங்க ஒண்ணு எட்டு வருஷமா நிக்குது. வாயக் கட்டி வெச்சிருக்காங்க. கொளஞ்சி, அத எறக்குங்க."

நசீம் எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள். கொளஞ்சி துணியை அவிழ்த்துக் கையை விட்டார். இரண்டு நீலப் புத்தகங்கள் வந்தன. அவற்றோடு மடித்து மடித்துப் பழுப்பேறிய தந்தி ஒன்றும் வந்தது.

"எகிப்துலேருந்து வந்த உறைன்னா ஸ்டாம்ப மட்டும் ஏன் ஒண்ணுவிடாமக் கிழிக்கணும்? இந்த வூட்டுக்கு எகிப்துலேருந்து எதுவுமே வரல. அறுபத்தேழுல ஜூலை கடைசி வெள்ளியிலேருந்து டிசம்பர்ல வந்த நோம்புப் பொறை வரைக்கும் நசீமு உள்ளயே இருந்தது, டீ ஸ்டால் பாய் எண்ணிச் சொன்ன பொறைக் கணக்குல, நாலு மாசமும் பத்து நாளும். புருஷன் செத்தா முஸ்லிம் பொண்ணு வாசப்படி தாண்டாம, பூ வெக்காம, நல்ல துணி உடுத்தாம இருக்குற இத்தா அது. ஒரு நாள் கூடவோ கொறையவோ இல்ல. நசீமு ஊருகிட்ட பொய் சொல்லிருச்சு. அல்லாகிட்ட சொல்ல அதுக்கு மனசு வரல."

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் என்று அர்ச்சுனன் பிறகு பல நாள் கமலத்திடம் சொல்லிச் சொல்லி வருந்தினார். இப்போது எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கப்பலு கால்வாய்க்குள்ளயே போவலங்க" என்றாள் நசீம். "வெளியவே நின்னப்ப அவங்க காய்ச்சல்ல போயிட்டாங்க. தந்தி என் கையில குடுத்தாங்க. மாமி அன்னிக்குக் காலையிலதான், மவன் கடுதாசி வந்துச்சான்னு கேட்டாங்க. டாக்டரு அதிர்ச்சியே கூடாதுன்னாரு. நானே ஒண்ணு எழுதி, நானே படிச்சுக் காட்டுனேன். ஏரியில மாட்டுன கப்பலப் பத்தி பேப்பர்ல போட்டிருந்தான், அதையே வெச்சு எழுதுனேன். மாமி போனப்புறம் நிறுத்தலாம்னு பாத்தா, மாமா வாசல்ல தபால்காரருக்காக நின்னுக்கிட்டிருந்தாங்க. பாவி நான். கால்வாய தொறந்ததும், அவரு அங்கயே தங்கிட்டாருன்னு எழுதிட்டேன். அதோட போயிரும்னு நெனச்சேன்."

சம்சுதீன் தலையில் கையை வைத்துக்கொண்டான். பின்னால் போய் உட்கார்ந்தால் தேவலை என்று கமலத்துக்கு இருந்தது. கனி மட்டும் அசையவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

அர்ச்சுனன் திரும்பிப் பார்த்தார்.

"தொழுவுற மனுசனுக்கு இத்தா தெரியாதா? தங்கச்சி நிக்காஹ்வுக்கு நீ போவலன்னதும் எனக்கு நெஞ்சுல அடிச்சிருச்சு. நோம்புக்கு முந்தின நாளு எண்ணிப் பாத்துட்டேன். உங்க மாமி சாவுற வரைக்கும் இருக்கட்டும்னு வாய மூடிக்கிட்டேன். அப்புறம் எனக்காக மூடிக்கிட்டேன். நீ படிக்கக் கேட்டா அவன் எங்கயோ இருக்குற மாதிரியே இருக்கும். உங்க அத்தா ஒரு வரன் இருக்குதுன்னு சொல்லி வுட்டப்ப, புருஷன் உசுரோட இருக்குறப்ப எப்படின்னு திருப்பி அனுப்புனவன் நானு. இந்த வருஷந்தான் மனசு கேக்கல. கப்பல்ல போறேன்னா நீயே சொல்லிருவேன்னு பாத்தேன். நீ புத்தகத்த ஒளிச்சுட்ட. என் வாயால சொல்ல தைரியம் வராம இவருகிட்ட போனேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா மாமா என்னைப் படிக்கச் சொன்னீங்க?" என்றாள் நசீம். அழவில்லை. "ஒவ்வொரு கடுதாசிக்கும் நான் செத்து செத்துப் பொழச்சேன். பதினாறு கடுதாசி."

 

நசீம் தந்தியை விரித்துக் கனியின் முன்னால் வந்து நின்றாள். எப்போதும் படிக்கிற குரலில், இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கி, மகனின் பெயரையும் தேதியையும் சேர்த்து முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்தாள். பிறகு, "இனிமே கடுதாசி வராது மாமா" என்றாள்.

கிழவர் அப்போதுதான் அழுதார். தெருவில் போனவர்கள் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, என்னவென்று கேட்டார்கள். சம்சுதீன் அவர்களிடம் அண்ணன் இறந்துவிட்டான் என்று சொன்னான். கொளஞ்சி கடையைச் சாத்தினார்.